வளைவுக்கு முன்பே கியரை இறக்குங்கள்

ஓசூர் ஆலைகளில் ஷிப்ட் முடித்துவிட்டு விடுமுறையில் பைக்கில் ஒகேனக்கல் கிளம்புகிறீர்களா? தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி போகும் காட்டுச்சாலை வளைவுகளில் கியர் மீது கவனம் வேண்டும்.

பிரேக் பிடிப்பதையும் கியர் இறக்குவதையும் வண்டி நேராக ஓடும்போதே முடித்துவிடுங்கள். ஒவ்வொரு கியராக இறக்கி, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். வண்டி சாய்ந்திருக்கும்போது படக்கென்று விட்டால் பின்சக்கரம் இறுகி வழுக்கும். ஓரத்தில் மணலோ ஜல்லியோ கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

எந்த கியர் சரி? ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகினால் திணறாமல் இழுக்க வேண்டும். மூடினால் தானே வேகம் குறைய வேண்டும். 100, 125 சிசி வண்டிக்குக் கொண்டை ஊசி வளைவில் பெரும்பாலும் 2. பின்னால் ஆளோடு ஏறினால் 1 தேவைப்படலாம். இறக்கத்திலும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். எஞ்சின் பிடிமானம் போய் முழுச்சுமையும் பிரேக் மேல் விழும், சூடேறினால் பிரேக் பிடிக்காது.

வளைவுக்குள் கிளட்ச்சைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை ஒரே சீராக வையுங்கள். யானைகள் குறுக்கிடும் பாதை இது. திரும்பியதும் நிற்கக்கூடிய வேகத்திலேயே எப்போதும் திரும்புங்கள்.