பெட் ஸ்கேன் அறைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

1. ஊசியில் போடும் எஃப்டிஜி மருந்தைத் தயாரிக்க சைக்ளோட்ரான் வேண்டும். அதை ஆளுக்கொன்று வாங்கப் பெரும்பாலான மருத்துவமனைகளுக்குக் கட்டுப்படியாகாது. ஓரிடத்தில் தயாரித்து, விடியற்காலையிலேயே பல மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்புவார்கள். அதிலுள்ள ஃபுளோரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். 11 மணிக்கு 10 மில்லிகியூரி வேண்டுமானால் 9.10க்கு 20 இருக்க வேண்டும், 7.20க்கு 40. எனவே ஆர்டர் சொல்லும்போது அளவோடு மணியையும் சொல்லுங்கள். வெறும் "நாற்பது" என்றால் அனுப்புகிறவருக்கு ஒன்றும் விளங்காது.

2. முதல் நாள் சாயங்காலமே நோயாளிக்கு நீங்களே போன் போடுங்கள். வரவேற்பில் இருப்பவரிடம் தள்ளிவிடாதீர்கள். வெறும் வயிற்றில் வரச் சொன்னால், டீ அதில் சேராது என்று நினைப்பவர்கள்தான் நம்மூரில் அதிகம். ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டிலேயே சர்க்கரை போட்ட டீயும் இரண்டு பிஸ்கட்டும் முடித்துவிட்டு, "சாப்பாடு தொடவே இல்லைங்க" என்பார்கள். பொய்யில்லை, பாவம். "ஆறு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம், டீயும் கூடாது" என்று பிட்டுப் பிட்டு வையுங்கள். சர்க்கரை நோயாளியா, மாத்திரையா இன்சுலினா என்று கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தச் சர்க்கரை 200ஐத் தாண்டினால் பெரும்பாலும் அன்று ஸ்கேன் நடக்காது. அவருக்காக வந்த மருந்து மதியத்துக்குள் கரைந்துவிடும். அதே மருந்துக்காக இன்னொரு மருத்துவமனை நேற்று கெஞ்சியிருக்கும்.

3. இப்படி ஒருவருக்கு ஸ்கேன் நடக்காமல் போனால் அவருடைய மருந்து வீணாகாமலிருக்க, உள்ளூர் நோயாளி ஒருவரை மாற்றாகத் தயாராக வைத்திருங்கள்.

4. சைக்ளோட்ரான் சில நாள் மக்கர் செய்யும், மருந்து குறைவாக வரும். யாருக்கு முதலில், யாருக்கு நாளை என்பதை எல்லா மருத்துவமனைகளும் முன்கூட்டியே பேசி எழுதி வைத்திருக்க வேண்டும். அன்று காலை பேச ஆரம்பித்தால் குரல் பெரிதாக உள்ளவருக்குத்தான் கிடைக்கும். என்னைக் கேட்டால், கீமோ தேதி நெருங்கியவருக்கு முதலிடம், அடுத்து வெளியூர்க்காரர். சொந்த மருத்துவமனையின் விஐபி கடைசி. இதற்காக என்னை வைதவர்கள் உண்டு.

5. வேறிடத்தில் எடுத்த ஸ்கேன் இருந்தால் ரிப்போர்ட்டோடு சிடியையும் வாங்கி வரச் சொல்லுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் படம் வேண்டும், காகிதம் போதாது.

6. மருந்து வந்த ஈயப் பெட்டி காலியானதும் அதை அன்றே திருப்பி அனுப்ப அவசரப்படாதீர்கள். ராத்திரி முழுக்கக் கிடக்கட்டும். காலையில் சர்வே மீட்டர் காட்டிப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, அடுத்த சரக்கு கொண்டுவரும் வண்டியிலேயே ஏற்றுங்கள்.