ஆட்டுக்குச் சைலேஜ்: மண்ணும் காற்றும் சேரக்கூடாது

மாரியில் வளரும் புல்லையும் சோளத்தையும் சைலேஜாகப் புளிக்க வைத்தால், ஆடி, ஆவணி வறட்சியிலும் உங்கள் பால் ஆடுகளுக்குத் தீனி இருக்கும். ஆனால் பழுதான சைலேஜில் பெருகும் லிஸ்டீரியா என்னும் கிருமி ஆட்டையும் செம்மறியையும் கொன்றுவிடக்கூடியது. அது மண்ணிலிருந்துதான் வருகிறது.

ஆகவே நிலத்தோடு ஒட்ட வெட்டாதீர்கள். நான்கு விரல் உயரம் விட்டு வெட்டுங்கள். அரை நாள் வாடவிட்டு, ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு பிடியை இறுக்கிப் பிழிந்தால் உள்ளங்கை ஈரமாகலாம், நீர் சொட்டக்கூடாது. மூடியுள்ள பரலில் சிறிது சிறிதாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் கட்டையால் குத்தி இறுக்குங்கள். பலர் அவசரப்படுவது இங்கேதான். உள்ளே காற்று நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். பூச்சிநாசினி வந்த பரல் வேண்டவே வேண்டாம். நாலைந்து ஆடு வைத்திருப்பவருக்குச் சிறிய பரல்களே நல்லது, திறந்ததைக் கெடுமுன் முடித்துவிடலாம். ஆறு வாரம் மூடியிருக்கட்டும்.

நல்ல சைலேஜ் மஞ்சள் கலந்த பச்சையாக, புளிப்பு மணத்துடன் இருக்கும். பூஞ்சணம் கண்டதையும் நாற்றமடிப்பதையும் போடாதீர்கள்; சினை ஆடு கன்று வீசிவிடும். தலை சரிந்து ஒரே பக்கமாகச் சுற்றும் ஆட்டைக் கண்டால் அன்றே கால்நடை வைத்தியரிடம் சொல்லுங்கள். காய்ச்சாத பாலை யாரும், முக்கியமாகக் கர்ப்பிணிகள், குடிக்கக்கூடாது.