இறப்பர் மரத்தில் தகரம் பொருத்தப் பழகுகிறவர்களுக்கு

கொள்ளுப்பிட்டியில் கரையோர ரயில் ஏறிக் களுத்துறையில் இறங்கி, அங்கிருந்து மத்துகம பஸ் பிடித்தால் இறப்பர்த் தோட்டங்களுக்குள் போய்விடலாம். அந்தப் பக்கம் இரண்டு மூன்று ஏக்கர் வாங்கிய கொழும்புப் பிள்ளைகள் என்னிடம் கத்தி பிடிக்கும் விதத்தைத்தான் கேட்கிறார்கள். பாலைச் சிரட்டைக்குள் விழவைக்கும் சின்னத் தகரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனாலும் மரம் கெடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

1. நட்டு ஆறு வருடமாகிவிட்டது என்று தொடங்காதீர்கள். நிலத்திலிருந்து 120 சென்ரிமீற்றர் உயரத்தில் நாடாவைச் சுற்றுங்கள். சுற்றளவு 50 சென்ரிமீற்றர் வராத மரத்தை விட்டுவிடுங்கள்.

2. பட்டையை அறிந்துகொள்ளுங்கள். பால் ஓடும் குழாய்கள் மரக்கட்டையில் இல்லை, பட்டையில் இருக்கின்றன. அதிலும் உள்பக்கத்தில்தான் நெருக்கம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய வளர்படைதான் புதுப் பட்டையை உண்டாக்குகிறது. கத்தியோ தகரமோ அதைத் தொடக்கூடாது. கனடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் மேப்பிள் மரத்தில் சாறு இறக்குவதைப் படம் எடுத்து அனுப்புவார்கள். அங்கே கட்டைக்குள்ளேயே துளையிட்டுக் குழாயைத் தட்டி இறக்குகிறார்கள், ஏனென்றால் அந்தச் சாறு கட்டையில் ஓடுவது. அங்கும் ஓங்கி அடித்தால் கட்டை விண்டு சாறு ஓரத்தால் கசியும். நமக்கோ கட்டை வரை போகவே அனுமதியில்லை.

3. சுத்தியல் வேண்டாம். அடித்தால் தகரத்தின் வாய் மடங்கும், இல்லாவிட்டால் பட்டையைப் பிளந்து கட்டையில் முட்டும். இரண்டும் கேடு. விளிம்பு கூராகவும் நேராகவும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மடங்கியதை நிமிர்த்துங்கள், கறள் பிடித்ததை எறியுங்கள். கத்தி நுனியால் மேல் தோலில் பிறை வடிவில் ஒரு கீறல் போட்டு, அதில் தகரத்தை வைத்துப் பெருவிரலால் அழுத்துங்கள். வெளிநுனி சற்றுக் கீழே சரிந்திருக்கட்டும். இறுகாவிட்டால் ஒரு தடித்துண்டால் மெதுவாகத் தட்டலாம். தகரம் தானாக நின்றால் போதும், அதற்குமேல் ஒரு தட்டும் தேவையில்லை. சிரட்டையின் பாரத்தைக் கம்பி தாங்கும், தகரம் தாங்க வேண்டியதில்லை.

4. மரத்தைப் பார்த்து நின்றால் வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, ஏறத்தாழ 30 பாகை சரிவில் வர வேண்டும். பால் குழாய்கள் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து ஏறுவதால் அப்படி வெட்டினால்தான் அதிக குழாய்கள் அறுபடும். தகரம் வலது கீழ் முனையில், பால் இறங்கும் நேர்க்கோட்டில், வெட்டிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி இருக்கட்டும்.

5. வெட்டு இறங்க இறங்கத் தகரத்தையும் இறக்க வேண்டும். ஆட்டி ஆட்டிப் பிடுங்காதீர்கள். அப்போதுதான் பட்டை கிழியும்.

6. இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு கவனம் என்பீர்கள். 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்தக் கன்றுகள் அதே வருடம் நமது ஹெனரத்கொடைக்கு வந்தன. பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். ஒரே வெட்டை மெலிதாகச் சீவிச் சீவித் திரும்பத் திறக்கும் முறையைச் சிங்கப்பூரில் ரிட்லி வகுத்தார். அந்த முறையின் உயிர், சீவிய இடத்தில் பட்டை மறுபடி வளர்வதுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்றரை மில்லிமீற்றர் சீவினால் ஒரு பக்கம் ஐந்தாறு வருடம் வரும், பிறகு மறுபக்கம். அதன்பின் முதல் பக்கத்துப் புதுப் பட்டைக்குத் திரும்புவீர்கள். இன்று தகரம் கட்டையில் முட்டிய இடமெல்லாம் அப்போது முடிச்சு முடிச்சாக நிற்கும், கத்தி துள்ளும். பத்து வருடத்துக்குப் பிறகு வெட்டப்போகிறவருக்காகத்தான் இன்று மெதுவாக அழுத்தச் சொல்கிறேன்.

7. விடியுமுன் போங்கள். வெயில் ஏறினால் மரத்துள் அழுத்தம் குறைந்து பால் மட்டுப்படும். பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்டவே வேண்டாம். பால் கோட்டை விட்டுச் சிதறும், அழுகல் நோயும் வரும்.

8. மறுநடுகைக்காகத் தறிக்கவிருக்கும் கிழட்டு மரங்களில் பழகுங்கள். தகரத்தை அழுத்தி எடுத்து, அந்த இடத்துப் பட்டையைச் செதுக்கிக் கட்டையைப் பாருங்கள். கட்டையில் கோடு விழுந்திருந்தால் அடுத்த மரத்தில் கை இன்னும் இலேசாக விழட்டும். கட்டை வழுவழுப்பாக இருக்கும்வரை இளம் மரத்துக்குப் போகாதீர்கள்.