சூட்டிலும் உருகாத பனிக்கட்டி

கேள்வி: யுரேனஸையும் நெப்டியூனையும் பனிப் பெருங்கோள்கள் என்கிறார்கள். அவற்றின் உள்ளே பல ஆயிரம் டிகிரி வெப்பம் என்றும் படித்தேன். அந்தச் சூட்டில் பனிக்கட்டி எப்படி இருக்க முடியும்?

பதில்: இருக்க முடியும், ஆனால் நமக்குப் பழக்கமான பனிக்கட்டியாக அல்ல. அங்கே ஆழத்தில் உள்ள அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப்போல் பல லட்சம் மடங்கு. அதில் நீர் மூலக்கூறு உடைந்துவிடும். ஆக்ஸிஜன் அணுக்கள் மண்டபத் தூண்களைப்போல் வரிசை கலையாமல் நிற்க, ஹைட்ரஜன் அயனிகள் கூட்டம்போல் அவற்றின் இடையே புகுந்து ஓடிக்கொண்டிருக்கும். ஒரே பொருள், பாதி திடம், பாதி திரவம். சூப்பர் அயனிப் பனிக்கட்டி என்பார்கள். மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும்.

1988-லேயே கணினிக் கணக்கு இதைச் சொல்லிவிட்டது. கண்ணால் பார்க்கத்தான் முப்பது ஆண்டு ஆயிற்று. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபெடரிகா கொப்பாரி, மரியுஸ் மில்லோ குழுவினர், ராச்செஸ்டரிலுள்ள ஒமேகா லேசரை இதற்குப் பயன்படுத்தினார்கள். மெல்லிய நீர்ப்படலம் ஒன்றின்மேல் ஆறு லேசர் கற்றைகளைப் பாய்ச்சி, அதிர்வலைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏவினார்கள். அழுத்தம் 10 முதல் 40 லட்சம் மடங்கு ஏறியது. வெப்பம் 1,650 முதல் 2,760 டிகிரி செல்சியஸ். அந்த நிலை நீடித்தது ஒரு விநாடியில் நூறு கோடியில் சில பங்குதான். அதற்குள் வேறு 16 லேசர் துடிப்புகளை ஓர் இரும்புத் தகட்டில் அடித்து, அதில் பிறந்த எக்ஸ் கதிரால் அணுக்களின் அடுக்கைப் படமெடுத்துவிட்டார்கள். திரவமாக அல்ல, படிகமாகவே இருந்தது நீர். 2019-இல் வெளியான இந்த முடிவு எனக்கு இன்றும் மெய்சிலிர்ப்பைத் தருகிறது.

இதே கோள்களில் கார்பன் வைரமாக இறுகிப் பொழியலாம் என்ற கருத்தும் உண்டு. பத்திரிகைகள் அதைத்தான் அதிகம் கொண்டாடுகின்றன. என் பார்வையில் இந்தப் பனிக்கட்டியே பெரிய விஷயம், ஏனென்றால் ஒரு பழைய புதிருக்கு இதில் விடை இருக்கலாம். வாயேஜர் 2 விண்கலம் 1986-இல் யுரேனஸையும் 1989-இல் நெப்டியூனையும் கடந்தபோது, அவற்றின் காந்த அச்சு சுழற்சி அச்சிலிருந்து முறையே 59, 47 டிகிரி சாய்ந்திருப்பதைக் கண்டது. காந்தப்புலத்தின் மையமும் கோளின் மையத்தில் இல்லை. உள்ளே சூப்பர் அயனிப் பனிக்கட்டி கெட்டியாக நின்று, அதற்கு மேலே உள்ள மெல்லிய திரவ அடுக்கு மட்டும் புரண்டு காந்தப்புலத்தை உண்டாக்கினால் இப்படிப்பட்ட கோணல் வரும் என்கின்றன கணினி மாதிரிகள்.

வாயேஜருக்குப் பிறகு எந்தக் கலமும் அங்கே போகவில்லை. யுரேனஸைச் சுற்றிவர ஒரு கலம் அனுப்புவதையே முதன்மையான புதிய பெருந்திட்டமாக அமெரிக்கக் கோள் அறிவியலாளர்கள் 2022-இல் நாசாவுக்குப் பரிந்துரைத்திருக்கிறார்கள். அது பல முறை சுற்றிக் காந்தப்புலத்தை அளந்தால், அந்தத் திரவ அடுக்கு எவ்வளவு ஆழத்தில் முடிகிறது என்று கணக்கிட வழி பிறக்கும்.