எஸ்தோனியப் பேச்சில் ஒரு மரபுத்தொடரைப் பழக

பாடநூல் வழியே எஸ்தோனிய மொழியைக் கற்றவரும், தாலின், தார்த்து போன்ற நகரங்களில் நண்பர்களின் உரையாடலில் மரபுத்தொடர், அதாவது சொற்களின் நேர்ப்பொருளைக் கடந்து வேறொன்றை உணர்த்தும் தொடர், வந்தவுடன் தடுமாறுவதுண்டு. அத்தகையோர் ‘லெக்ஸ் கஸ்ஸி சப அல்ல’ என்பதிலிருந்து தொடங்குவது நன்று. ‘பூனையின் வாலுக்கு அடியில் போயிற்று’ என்னும் இத்தொடர் பணமோ நேரமோ உழைப்போ வீணானதைக் குறிக்கும்.

1. தொடரைத் தனியே மனனம் செய்யாமல், ‘கொகு ரஹ லெக்ஸ் கஸ்ஸி சப அல்ல’ (பணம் முழுதும் வீணாயிற்று) என முழு வாக்கியமாகவே பழகுக; பேச்சின் நடுவே சொற்களைக் கோக்க நேரம் கிடைக்காது.

2. ஒவ்வொரு சொல்லின் முதல் அசையையும் அழுத்தி, ‘கஸ்ஸி’, ‘அல்ல’ ஆகியவற்றின் இரட்டை ஒற்றுகளை நீட்டி ஒலிக்க; ஒலியின் நீளம் பொருளையே மாற்றும் மொழி இது என்பதால், ‘படு’, ‘பட்டு’ வேறுபாட்டில் ஊறிய தமிழ் நாவுக்கு இப்பயிற்சி எளிதில் கைவரும்.

3. வீணாகவிருப்பதைச் சொல்ல ‘லெக்ஸ்’ என்பதை மட்டும் ‘லெஹெப்’ என மாற்றுக. வினை மாறினாலும் பூனையும் வாலும் மாறுவதில்லை.

4. தம் இழப்பைப் பற்றியே முதலில் சொல்லிப் பழகுக. பிறர் உழைப்பைக் குறித்துச் சொன்னால் அது மனத்தைப் புண்படுத்தக்கூடும்.

5. அலுவலகக் கடிதங்களில் தவிர்க்க. இது பேச்சுவழக்குக்கே உரியது.