ஊழியரின் உளநலமும் வேலைத்திறனும்

மாணவர்களே, ஊழியர் வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட்டால் மட்டும் வேலை நடந்துவிடாது. வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு புடைவைக் கடையை எண்ணிப் பாருங்கள். தீபாவளிக் காலம். விற்பனையாளர் பல நாட்களாக இரவு வரை நின்று வேலை செய்கிறார். தூக்கம் போதாது. வீட்டுக் கடன் பற்றிய கவலையும் உண்டு. அவர் கடையில் நிற்கிறார், கவனம் அங்கில்லை.

இதன் விளைவுகள்:

1. துணி அளப்பதிலும் மிகுதிப் பணம் கொடுப்பதிலும் பிழைகள் ஏற்படும்.
2. வாடிக்கையாளரிடம் எரிந்து விழுவார். அவர்கள் வேறு கடைக்குச் செல்வர்.
3. லீவு எடுத்தலும் வேலையை விட்டு விலகுதலும் கூடும். புதியவரைப் பயிற்றும் செலவு அதிகரிக்கும்.

மனச்சோர்வு, பதகளிப்பு ஆகியவற்றால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,200 கோடி வேலை நாட்கள் இழக்கப்படுவதாக உலக சுகாதார தாபனம் மதிப்பிட்டுள்ளது.

எமது நாட்டில் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் சாதாரண வேலை நேரத்தை நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என வரையறுக்கிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து 14 நாள் வருடாந்த லீவும் உண்டு. இவை முதலாளியின் தயவல்ல, ஊழியரின் உரிமை. ஓய்வு பெற்ற ஊழியர் பிழையின்றி வேலை செய்வதால் முதலாளிக்கும் இவை நன்மையே.

கவனிக்க: "சம்பளத்தைக் கூட்ட வேண்டும்" என்பதுடன் விடையை நிறுத்தாதீர்கள். வேலை நேரம், ஓய்வு, முகாமையாளர் பேசும் முறை ஆகியவற்றையும் காரணம், விளைவு காட்டி எழுதுங்கள்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இவ்வாறு களைத்து வரக்கூடும். அதைச் சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள்.