பேசாத குழந்தைக்கும் மொழி உண்டு

நாற்றங்காலின் அருமையை மன்னார்குடி வட்டாரத்து விவசாயிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. முற்றிய நாற்றை நட்டால் தூர் குறையும் என்பதை அவர்கள் நன்கறிவர். குழந்தையின் பேச்சுக்கும் அத்தகைய பருவம் ஒன்று உண்டு. முதல் ஐந்தாண்டுகளே அப்பருவமாகும். அதன் பின்னரும் கற்க இயலும். ஆயினும் உழைப்பு மிகும். ஆகையால், பேச்சு வளராத குழந்தை ஊரில் இருக்குமாயின் அதனைக் காலத்தே கண்டறிவது பெற்றோருக்கு மட்டுமன்றிப் பஞ்சாயத்துக்கும் உரிய கடமையாகும்.

ஆட்டிசம் என்பது யாது?

பேச்சு தாமதிப்பதற்குரிய காரணங்களுள் ஆட்டிசமும் ஒன்று. இதனை மதி இறுக்கம் என்றும் கூறுவர். இது தொற்று நோயன்று. மூளை வளரும் முறையில் இளமையிலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. தாயின் கவனக்குறைவாலோ, தடுப்பூசியாலோ, முன்வினையாலோ இது வருவதில்லை. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து இதனை விரிவாக எழுதினார். 2021-ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி, உலக மக்களில் 127 பேருக்கு ஒருவர் இந்நிலை உடையவர். எனவே இது பட்டணத்துக்கு மட்டும் உரியதன்று.

கவனிக்க வேண்டிய குறிகள்

ஓராண்டு நிறைந்த பின்பும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வேண்டிய பொருளை விரலால் சுட்டாமை, 16 மாதமாகியும் ஒரு சொல்லும் பேசாமை, 2 வயதில் இரு சொற்களைத் தானாகச் சேர்த்துச் சொல்லாமை, முன்பு பேசிய சொற்களை இழத்தல் ஆகியவை முக்கியமான குறிகள். இவற்றைக் கண்டவுடன் குழந்தைக்குக் காது நன்கு கேட்கிறதா என்று சோதிப்பது முதல் வேலை.

“இவன் மாமனும் ஐந்து வயதில்தான் பேசினான்” என்று கூறி ஆண்டுகளைக் கழிப்பது நம் ஊர்களில் வழக்கம். நாவில் வசம்பு தடவுவோரும், சீகாழிக்கு அருகிலுள்ள திருக்கோலக்காவுக்குச் சென்று வேண்டிக்கொள்வோரும் உண்டு. வேண்டுதல் செய்வோர் செய்க. ஆனால் மருத்துவரிடம் செல்வதை அதன் பொருட்டு ஒரு மாதமும் தள்ளிப் போடலாகாது.

வீட்டில் செய்யத் தக்கவை

குழந்தையைக் கட்டாயப்படுத்திப் பேசச் செய்ய இயலாது. அது எதனை நோக்குகிறதோ அதனையே நாமும் நோக்கி, ஒன்றிரண்டு சொற்களில் பேச வேண்டும். கன்றுக்குட்டியைப் பார்த்து நின்றால், “கன்னுக்குட்டி” என்று சொல்லிச் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். அப்பொறுமையே குழந்தை பதில் கூறுவதற்கு நாம் அளிக்கும் இடம்.

“சோறு வேணுமா?” என்று தாய் கேட்டால், சில குழந்தைகள் “சோறு வேணுமா?” என்றே திருப்பிச் சொல்லும். இதனைக் கேலி என்று எண்ணிக் கண்டிப்பவர் உளர். தனக்கு வேண்டும் என்பதையே அக்குழந்தை, தான் கேட்ட வடிவில் தெரிவிக்கிறது. தாய் கேள்வியை விடுத்து, “சோறு வேணும்” என்று குழந்தை சொல்ல வேண்டிய வடிவிலேயே சொல்லிச் சோற்றைக் கொடுத்து வந்தால், நாளடைவில் அச்சொல் அதன் நாவில் பழகக்கூடும்.

எல்லாக் குழந்தைகளும் வாயால் பேசிவிடும் என்று நாம் உறுதி கூறமாட்டோம். ஆனால் பேச்சு ஒன்றே மொழியன்று. தண்ணீர், சோறு, பாய், வெளியே போதல் முதலியவற்றின் படங்களை அட்டையில் ஒட்டிக் கொடுத்தால், குழந்தை படத்தைச் சுட்டித் தன் விருப்பத்தைத் தெரிவிக்கும். படம் பேச்சைக் கெடுத்துவிடும் என்னும் அச்சத்துக்கு ஆதாரமில்லை. சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ என்னும் படச் செயலியைக் கைப்பேசியில் தமிழிலும் பயன்படுத்தலாம்.

எழுத்தறிவு

பேச்சு வந்த பிறகே எழுத்து என்பதும் தவறான கருத்து. பேசுமுன்பே எழுத்துகளை அடையாளம் காணும் குழந்தைகளும் உண்டு. 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்கச் செய்வதைவிட, குடம், பாய், கதவு என அன்றாடம் காணும் பொருள்களின் மீது பெயரை எழுதி ஒட்டுவது நலம். வாசித்தும் பொருள் அறியாத குழந்தைகள் இருப்பதால், ‘குடம்’ என்று வாசித்த குழந்தை குடத்தைத் தொட்டுக் காட்டட்டும். ‘வேணும்’ என்னும் வீட்டு வழக்கு முதலில் பழகட்டும். ‘வேண்டும்’ என்னும் நூல் வழக்கு பின்னர் வரட்டும்.

ஊர் செய்ய வேண்டியது

இப்பணிக்குப் பெரிய நிபுணர்களே வேண்டும் என்பதில்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற சாதாரண நல ஊழியர்களே பெற்றோருக்கு வழிகாட்டினர். அதன் பயனாகப் பெற்றோர் குழந்தையின் போக்கறிந்து பதிலளிப்பதும், குழந்தை தானே முன்வந்து தொடர்பு கொள்வதும் மிகுந்தன.

அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்க மருத்துவக் குழு வருவது தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் ஏற்பாடு. பேசாத குழந்தையை அந்நாளில் வீட்டிலேயே வைத்துவிடும் பெற்றோர் உண்டு. அக்குழந்தை தவறாமல் வருவதற்குப் பஞ்சாயத்து உறுப்பினர் பொறுப்பேற்கலாம். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் பெற்றோரை அழைத்துச் செல்லலாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் 21 குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. 40 சதவிகிதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை, அண்மையிலுள்ள பள்ளியில் இலவசமாகக் கல்வி பெறும் உரிமை உண்டு. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கத் தமிழகச் சட்டமன்றம் 2025-இல் வழி செய்தது. அவர்களுடைய அனுபவத்தைக் கிராம சபை கேட்டுப் பயன்பெற வேண்டும்.

பணம் செலவின்றிச் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ‘ஊமை’, ‘பைத்தியம்’ என்னும் சொற்களைத் தெருவிலிருந்து அகற்றுவதே அது. ஏளனத்துக்கு அஞ்சியே பல தாய்மார் தம் குழந்தையை வீட்டுக்குள் மறைக்கின்றனர். மறைத்து வைத்த குழந்தைக்கு மொழி கற்பிப்பார் யார்? பஞ்சாயத்து உறுப்பினர்களே, விவசாயப் பெருமக்களே! அடுத்த பரிசோதனை நாளுக்குள் நம் ஊரில் அத்தகைய குழந்தை உண்டா என்று அன்போடு விசாரித்து அறிவோமாக.